தர்மத்துக்கு மிதித்த சைக்கிள்

மதுரை,
12.1.88

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அகமது கபீர் சலாம் சொல்லி எழுதுவது.

நேற்று சாயங்காலம் மதுரை வந்து சேர்ந்தேன். கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நடந்த வழியனுப்பு விழாவுக்கு நீங்களும் மச்சானும் வராததுதான் குறை. நூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். எங்கள் பேண்டேஜ் கம்பெனி முதலாளி கண்ணுச்சாமி தன் கையால் மாலை போட்டுக் கொடி அசைத்தார். புது சைக்கிளும் அவர் கொடுத்ததுதான்.

ஹேண்டில் பாருக்கு முன்னால் பலகை கட்டியிருக்கிறேன். ‘பாய்லர் விபத்தில் கண்ணிழந்த சகோதரி சுடலைமாடத்திக்குப் பார்வை கிடைக்க, ராஜபாளையம் முதல் டெல்லி வரை சைக்கிள் பயணம்.’ கீழே அவள் போட்டோ. பின்னால் கேரியரில் உண்டியல். டெல்லி வரை சைக்கிள், திரும்பும்போது ரயில். வழியில் நான் எவ்வளவு சேர்க்கிறேனோ அதே அளவு தானும் போடுவதாக முதலாளி மேடையில் சொன்னார். “ஆனா டெல்லி வரைக்கும் சக்கரம் உருளணும்லே. நடுவுல ரயில்ல ஏறுனா என் பங்கு கிடையாது” என்றும் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது. திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஒட்டுப்போட்ட இரண்டு ரூபாய் நோட்டை உண்டியலில் திணித்துவிட்டு, போட்டோகிராபர் வரும்வரை என்னை வெயிலில் நிறுத்திவைத்தார். அந்த நோட்டு செல்லுமா என்பதே சந்தேகம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் தெருவுக்குள் வர நேரமில்லை. வழியனுப்பக் கூட வந்தவர்கள் அவசரப்படுத்திவிட்டார்கள். எந்த ஊருக்கு என்றைக்குப் போகவேண்டும் என்று கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக் கொடுத்த தாளின் காப்பி இதோடு இருக்கிறது. பெங்களூர், ஐதராபாத், நாக்பூர் பெரிய தபாலாபீஸ்களுக்கு எழுதினால் நான் போய் வாங்கிக்கொள்வேன்.

தம்பி
கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
16.1.88

தம்பி கபீருக்கு, மெகராஜ் எழுதுவது.

நேரமில்லை என்று எழுதியிருக்கிறாய். தேரடிப் பக்கம் நின்று இளநீர் குடிக்க மட்டும் நேரம் இருந்தது. சீவினவனிடம் வழுக்கை இல்லையென்று சண்டைகூடப் போட்டாய். நான் தெருமுனையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் பரிபூரணம் நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டப்போன நீ, அவளைப் பார்த்ததும் கையை இறக்கி, பெடலை வேகமாக மிதித்தாய். மாலை போட்ட வீரன் ஒரு பொம்பளையைப் பார்த்து ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பரிபூரணம் எங்கள் எதிர்வீட்டுக்காரி என்பது உனக்கு மறந்திருக்காது. அவள் புருஷன் ஐயாதுரை தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் ராஜபாளையம் வந்து உன்னோடு அதே பாய்லரில் வேலை பார்த்தவன். போன ஆகஸ்டில் அது வெடித்தபோது பக்கத்தில் நின்றவன் அவன் என்பதற்காக, அஜாக்கிரதையால் வெடிக்கவிட்டான் என்று கேஸ் அவன்மேல் நடக்கிறது. வேலை போய் ஆறு மாதம் ஆகிறது. இப்போது காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். வருகிற மாதம் 22ஆம் தேதி இங்கே கோர்ட்டில் விசாரணை. பரிபூரணம் தினமும் வாசலில் வந்து நின்று, “ஒங்க தம்பி கடுதாசி போட்டாச்சா?” என்று கேட்கிறாள். வேறொன்றும் கேட்பதில்லை.

பலகையில் சகோதரி என்று எழுதியிருக்கிறாயே. அந்தப் பிள்ளை மூன்று வருஷம் உன் பக்கத்துக் கொட்டகையில் துணி சுருட்டினாள். ஒரு நாளாவது அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாயா? கண் போனபிறகுதான் உனக்குத் தங்கச்சி ஆனாளாக்கும்.

நீ சைக்கிள் மிதிப்பது எனக்குப் புதிதில்லை. பொட்டலில் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, ஏழு நாள் இறங்காமல் சுற்றினாயே, அப்போதும் ஊர் கை தட்டியது. ஏழு நாள் முடிந்து பார்த்தால் கிளம்பின இடத்திலேயே நின்றாய். இப்போது வட்டம் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

உன் அக்கா
மெகராஜ் பேகம்


பெங்களூர்,
24.1.88

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபாலாபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். கிருஷ்ணகிரி மேட்டில் இரண்டு தடவை டியூப் வெடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். பள்ளிவாசல் வராந்தாவில் படுத்து, கிடைத்ததைத் தின்று, பாஷை தெரியாத ஊரில் கை நீட்டிக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவள் வாழ்த்தாவிட்டாலும் போகிறது, ஏசாமலாவது இருக்கலாம்.

ஐயாதுரைக்காக இவ்வளவு உருகுகிறீர்களே, அவனை உங்களுக்கு எதிர்வீட்டுக்காரனாகத்தான் தெரியும். எனக்கு அவன் வேலை தெரியும். ஷிப்டு ஏறினதும் முதல் வேலையாக மீட்டரைப் பார்க்க வேண்டும். அவன் பீடிக்கு நெருப்பு எடுக்கப் போவான். சரியான தூங்குமூஞ்சி. கண் இருந்தும் பார்க்காத ஒருத்தனால் இன்னொருத்திக்குக் கண் போய்விட்டது என்று சொன்னால் அதில் என்ன பொய்?

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கூப்பிடவில்லை, அக்கா. எனக்குச் சம்மனும் வரவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போய் நிற்பதைவிட, அந்தப் பெண்ணின் ஆபரேஷனுக்கு நாலு காசு சேர்ப்பது மேல் என்று எனக்குப் பட்டது. ஒரு கண்ணிலாவது பார்வை வரலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு காலேஜில் என்னை மேடை ஏற்றினார்கள். பெண்பிள்ளைகள் ஆட்டோகிராப் கேட்டார்கள். உங்களுக்கு இதெல்லாம் கூத்தாகத் தெரியும்.

கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
30.1.88

கபீருக்கு,

ஆட்டோகிராப் போட்ட கைக்கு இந்தக் கடிதத்தைப் பிடிக்கத் தெம்பு இருக்கும் என்று நினைக்கிறேன்.

உனக்குச் சம்மன் ஏன் வரவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஐயாதுரையின் வக்கீல் சுயம்புலிங்கத்திடம் போனேன். டிசம்பர் 28ஆம் தேதி அவர் உன் கம்பெனிக்கே வந்து, “கபீர்ங்கிற ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடணும், பாக்கணும்” என்று கேட்டிருக்கிறார். உன் முதலாளி கலர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, “அவன் லீவுல போயிருக்கான், வந்ததும் அனுப்பிவைக்கேன்” என்றாராம். அன்றைக்கு நீ லீவில் இல்லை. உள்ளே கொட்டகையில் துணி அலசிக்கொண்டிருந்தாய்.

இரண்டு நாள் கழித்து உன்னைக் கூப்பிட்டு, “ஏலே கபீரு, ஏழு நாளு சைக்கிள் சுத்துனவனாச்சே, ஒரு நல்ல காரியத்துக்கு டெல்லி வரைக்கும் போயிட்டு வாயேன்” என்றார். நீதான் பெருமையாக வந்து என்னிடம் சொன்னாய். இப்போது அந்த டைப் அடித்த தாளை எடுத்துப் பார். நீ டெல்லிக்குள் நுழைய வேண்டிய தேதி பிப்ரவரி 24. கேஸ் 22. வக்கீல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். உன் முதலாளி தர்மத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்றா நினைத்தாய்? குப்பையைக் கூட்டி வெளியே தள்ளுவதுபோல உன்னைத் தள்ளியிருக்கிறார். நீயும் மாலையைப் போட்டுக்கொண்டு குலுங்கக் குலுங்கப் போகிறாய்.

விபத்து நடந்த மறுநாள் விடிந்ததும் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “அக்கா, சாயங்காலம் லாரி போயாகணும்னு மொதலாளி நின்னாரு. சேப்டி வால்வு சும்மாச் சும்மா ஆவியை வெளிய விடுது, அஞ்சு கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிடுலேன்னாரு. கட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். ஐயாதுரைகிட்ட சொல்ல மறந்துபோச்சு.” இப்படித்தானே சொன்னாய்? ஆவி வெளியே போகிற வழியை எடைக்கல்லைத் தொங்கவிட்டு அடைத்தவன் நீ. அடைக்கச் சொன்னவர் அவர். ஒன்றும் தெரியாமல் வந்து நின்றவன் கூண்டில் நிற்கிறான். இதில் அவன் தூங்குமூஞ்சியா?

நீ சொன்னதை நான் கோர்ட்டில் போய்ச் சொன்னால், கேள்விப்பட்ட பேச்சு செல்லாது என்கிறார் வக்கீல். நீதான் சொல்லவேண்டும். உன் தர்மம் உனக்கு. 22ஆம் தேதி வந்து நில்.

மெகராஜ்


ஐதராபாத்,
5.2.88

அக்கா,

இரண்டு நாள் சைக்கிளைத் தொடவில்லை. சத்திரத்தில் படுத்துக்கிடந்தேன். காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. தேதி விஷயம் எனக்குப் பெங்களூர் தாண்டும்போதே உறைத்தது. உறைக்காததுபோல மிதித்துக்கொண்டு வந்தேன். முதலாளி என்னை முட்டாளாக்கவில்லை, நானே இடம் கொடுத்தேன். அதை உங்கள் வாயால் கேட்கத்தான் பிடிக்கவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? நான் இப்போது ரயில் ஏறினால் முதலாளியின் பங்கு போச்சு. கோர்ட்டில் அவர் பேரைச் சொன்னால் சுத்தமாகப் போச்சு. இந்த உண்டியலில் இருப்பது ஆபரேஷனுக்குக் காணாது. ஐயாதுரைக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ கிடைக்கலாம், அபராதத்தோடுகூட விட்டுவிடலாம். அவளுக்குக் கண் இல்லையென்றால் ஆயுசுக்கும் இல்லை. எது பெரிசு? உங்களுக்கு அவ்வளவு நியாயம் தெரியுமென்றால், ராஜபாளையம் போய்ச் சுடலைமாடத்தியையே கேளுங்கள். அவள் ‘கண் வேண்டாம், கபீர் வந்து சாட்சி சொல்லட்டும்’ என்றால் வருகிறேன். அவள் சொல்லமாட்டாள்.

நாளைக் காலை நாக்பூருக்குக் கிளம்புகிறேன்.

கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.2.88

கபீருக்கு,

போனேன். உன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே போனேன். பாரத்தை ஒரு குருட்டுப் பெண்ணின் தலையில் தூக்கிவைக்கும் சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பக்கம் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கிறது. கபீரின் அக்கா என்றதும், “ஒங்க தம்பி எம் போட்டோவை வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போறாராமே. கல்யாணத்துக்குக் குடுக்க எடுத்த படம் அது. அம்மாகிட்ட வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல” என்றாள்.

கல் கட்டின விஷயத்தைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அப்ப ஐயாதுரை அண்ணன் இல்லையா?”

“இல்லைம்மா.”

“ஆறு மாசமா அந்த மனுசனைத்தான் வஞ்சுக்கிட்டுக் கிடக்கேன். காலையில முழிச்சதும் மொத வேலை அதான். அவரு பெஞ்சாதி ஒருநா வாசல்ல வந்து அழுதுச்சு. வெளக்கமாத்தை எடுத்துட்டு வாம்மான்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன்.”

பிறகு நீ எழுதின கேள்வியைக் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு நாக்குக் கூசியது. அவள் சிரித்தாள், கபீர். அந்த மாதிரி ஒரு சிரிப்பை என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

“கண்ணு வேணுமா, நெசம் வேணுமான்னு கேக்க வந்தீகளாக்கும்? எனக்கு ரெண்டும் வேணும். வேண்டாம்னு சொல்லி நல்லவ பட்டம் வாங்க எனக்கு ஆசையில்ல. எதை விடுறதுன்னு அவரு யோசிக்கட்டும். கல்லைக் கட்டுறப்ப என்னையக் கேட்டா கட்டுனாரு?”

திரும்ப பஸ் ஏறும்வரை என் காது சுட்டது. உனக்குத் தூது போனதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது. இதற்குமேல் உனக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை. டெல்லிக்கே போ. செங்கோட்டைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள். மாட்டிவைக்க என் வீட்டுச் சுவரில் இடமில்லை.

மெகராஜ்


நாக்பூர்,
17.2.88

அக்காவுக்கு,

நாக்பூர் வந்து இரண்டு நாள் ஆகிறது. முந்தாநாள் இங்கே ஆரஞ்சு மண்டி வைத்திருக்கும் ஒரு வயசாளி பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். உண்டியலில் போட்டுவிட்டு, “எப்படி வெடித்தது? யார் தப்பு?” என்று கேட்டார். இத்தனை ஊரில் இதை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் எத்தனை நாளாச்சு, டயர் எத்தனை மாற்றினாய் என்றுதான் கேட்பார்கள். பாய்லர்காரன் ஒருத்தன் கவனிக்கவில்லை என்று சொன்னேன். “ஜெயிலில் இருக்கிறானா?” என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நல்லது என்று சொல்லிவிட்டு எனக்கு இரண்டு ஆரஞ்சு கொடுத்தார். என்னால் அதைத் தின்ன முடியவில்லை.

அன்று சாயங்காலம் உங்கள் கடிதம் கிடைத்தது.

டெல்லிக்கு இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நான் போகவில்லை. நாளை ஜி.டி. எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய், அங்கிருந்து கொல்லம் மெயில் பிடிக்கிறேன். சைக்கிளை ரயிலில் ஏற்றப் பார்சல் ஆபீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. அங்கிருந்த கிளார்க் பலகையையும் சீட்டையும் மாறிமாறிப் பார்த்தான். ஏதோ சொல்லிச் சிரித்தான், பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். ஊரிலும் சிரிப்பார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். போட்டோவைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். உங்கள் வீட்டுக்கும் வரமாட்டேன். பரிபூரணம் அக்கா முகத்தில் கோர்ட்டில்தான் விழிக்கவேண்டும். இந்தக் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

கபீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
26.2.88

தம்பி கபீருக்கு,

நாலு தெரு தள்ளிக் கிளைச் சிறையில் இருப்பவனுக்குத் தபால் எழுதுகிறேன் என்று உன் மச்சான் சிரிக்கிறார். நேரில் பார்த்தால் எனக்குத் திட்டத்தான் வரும். அதனால் எழுதுகிறேன். நீ நாக்பூரில் போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது.

கல்லைக் கட்டினது நான்தான் என்று நீ கூண்டில் சொன்னதால் கேஸ் உன்மேல் திரும்பிவிட்டது, ஐயாதுரையை விடுதலை செய்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். முதலாளிமேல் கேஸ் நிற்காதாம். அவர் சொல்லித்தான் கட்டினேன் என்று நீ சொன்னதற்கு உன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. கோர்ட் வாசலிலேயே அவர், “டெல்லி வரைக்கும் போகத் துப்பில்லாத பய, வழியில திரும்பி வந்து எம்மேல பழியைப் போடுதான்” என்று சத்தமாகச் சொன்னார். ஊர் அதைத்தான் நம்புகிறது. பாதியில் ரயில் ஏறினவன் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. கல் கட்டினதைப் பற்றி ஒருத்தனும் பேசவில்லை.

உனக்கு ஜாமீன் நிற்க இரண்டு பேர் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் உனக்குக் கை தட்டின நூறு பேரில் இரண்டு பேர் கிடைக்கவில்லை. ஒருத்தருக்கு மகள் கல்யாணம், ஒருத்தருக்கு முழங்கால் வலி, இன்னொருத்தர் என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர்களுக்காகவா கால் ஒடிய மிதித்தாய்? உன் மச்சான் ஒரு ஆளாக நிற்கிறார். இன்னொருவருக்காக ஐயாதுரையிடமும் கேட்டேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். பரிபூரணம்தான், “ஒரு வாரம் கெடந்து பாக்கட்டும் மதினி, நாங்க ஆறு மாசம் கெடந்தோம்” என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை.

நேற்று, நீ கோர்ட்டில் என்னிடம் கொடுத்த உண்டியலையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு சுடலைமாடத்தி வீட்டுக்குப் போனேன். ஆபரேஷனுக்குப் பாதிகூட வராது என்று அவளுக்குத் தெரியும். மடியில் வைத்து உண்டியலைத் தடவிக்கொண்டே கோர்ட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டாள். சொன்னேன். கடைசியில், “எப்பிடி நின்னு சொன்னாரு? தலை நிமிந்தா, குனிஞ்சா?” என்று கேட்டாள்.

நீ எப்படி நின்றாய் என்று நான் பார்த்தேன். கூண்டில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாய். ஜட்ஜ் ஐயா இரண்டு தடவை நிமிர்ந்து பேசச் சொன்னார். இரண்டு தடவையும் உன்னால் முடியவில்லை. ஊரே உன்னைக் காறித் துப்புகிற நேரத்தில் நானும் உன்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. “நிமிந்துதாம்மா சொன்னான். ஒரு இடத்துலகூடக் குனியல” என்றேன்.

அவள் உண்டியலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

“கொஞ்சமாவது குனிஞ்சிருப்பாருன்னு நெனச்சேன்” என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். நிஜத்தைச் சொல், நிஜத்தைச் சொல் என்று உன்னை ஊர் ஊராக விரட்டி ஏசி எழுதினவள் நான். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு என் வாயில் பொய் வந்தது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போகிறேன். நீ குனிந்துதான் நின்றாய் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே உன்னைப் பார்க்க வருகிறேன்.

அக்கா
மெகராஜ்